புகாரிலிருந்து கூட்டுக் கோரிக்கைக்கு: இணைய வரைபடங்களும் நகர உழைக்கும் மக்களும்

(நகர்ப்புறக் கிளைத் தோழர்களுக்கான அரசியல் வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

சாலையில் குழி விழுந்திருக்கிறது, குடிநீர்க் குழாய் உடைந்து தண்ணீர் வீணாகிறது, தெருவிளக்கு எரியவில்லை, பாதாளச் சாக்கடையின் மூடி காணாமற்போயிருக்கிறது. இவற்றைக் கைப்பேசியில் படமெடுத்து, இணைய வரைபடத்தில் இடத்தைக் குறித்து, உள்ளாட்சி நிர்வாகத்திற்கு அனுப்பும் இணையதளங்களும் செயலிகளும் இன்று நாட்டின் பெருநகரங்கள் பலவற்றில் நடைமுறையில் உள்ளன. இவற்றைப் பற்றி நமது கிளைகளில் இரு வகையான கருத்துகள் நிலவுகின்றன. தொழில்நுட்பம் வந்துவிட்ட பிறகு மனுவும் ஆர்ப்பாட்டமும் எதற்கு என்று இளந்தோழர்கள் சிலர் கேட்கின்றனர். இது அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வாழும் நடுத்தர வர்க்கத்தினரின் வேலை, நமக்கு இதில் என்ன இருக்கிறது என்று மூத்த தோழர்கள் சிலர் ஒதுக்கிவிடுகின்றனர். இவ்விரு கருத்துகளையும் பரிசீலித்து, நமது நடைமுறையை வகுத்துக்கொள்வதே இவ்வுரையின் நோக்கம்.

பிரச்சினை அற்பமானதன்று. ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, சாலைக் குழிகளால் நேர்ந்த விபத்துகளில் 2017-ஆம் ஆண்டில் மட்டும் 3,597 பேர் உயிரிழந்தனர். 2022-இல் அந்த எண்ணிக்கை 1,856. 2013 முதல் 2017 வரையிலான ஐந்தாண்டுகளில் 14,926 பேர் இவ்வாறு மாண்டனர் என்பதை 2018 டிசம்பரில் உச்சநீதிமன்றம் சுட்டிக்காட்டியது. எல்லையிலும் பயங்கரவாதத் தாக்குதல்களிலும் இறப்போரைவிட இவர்கள் அதிகம் என்றும் அது கூறியது. காரில் செல்பவருக்குக் குழி ஒரு குலுக்கல். நேரக் கெடுவுக்குள் உணவுப் பொட்டலத்தைச் சேர்ப்பிக்க விரையும் இருசக்கர வண்டித் தொழிலாளிக்கு அது உயிர்ப் பிரச்சினை. பொதுச்சொத்தின் சிதைவு எல்லோரையும் தாக்குகிறது. ஆனால் எல்லோரையும் ஒரே அளவில் தாக்குவதில்லை.

கருவி எவ்வாறு செயல்படுகிறது?

இவ்வகைக் கருவிகளுக்கு முன்மாதிரியாகச் சொல்லப்படுவது 'ஃபிக்ஸ் மை ஸ்ட்ரீட்' என்னும் இணையதளம். பிரிட்டனில் 'மை சொசைட்டி' என்ற அமைப்பு 2007-இல் இதனைத் தொடங்கியது. பழுதைக் கண்டவர் வரைபடத்தில் இடத்தைக் குறிக்கிறார். பழுதின் வகையைத் தேர்ந்தெடுத்து, இரண்டு வரி விளக்கமும் ஒரு படமும் சேர்க்கிறார். அந்த இடம் எந்த உள்ளாட்சி மன்றத்தின் எல்லைக்குள் வருகிறது என்பதை எல்லைத் தரவுகளைக் கொண்டு தளமே கண்டறிந்து, உரிய அலுவலகத்திற்குப் புகாரை அனுப்பிவிடுகிறது. சில வாரங்கள் கழித்து, பழுது நீக்கப்பட்டதா என்று புகார் அளித்தவரிடமே கேட்கிறது.

இந்த ஏற்பாட்டில் இரண்டு கூறுகளை நாம் கவனிக்க வேண்டும். முதலாவது, யாரிடம் முறையிடுவது என்ற சுமையை அது குடிமக்களின் தோளிலிருந்து இறக்கிவைக்கிறது. மும்பையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சாலை மாநகராட்சியுடையது, அடுத்தது பொதுப்பணித்துறையுடையது, மேம்பாலம் வட்டார வளர்ச்சி ஆணையத்துடையது, அதையொட்டிய நிலம் ரயில்வேயுடையது அல்லது துறைமுகத்துடையது. 'இது எங்கள் சாலை இல்லை' என்ற ஒற்றை வாக்கியத்தைக் கொண்டே பல்லாண்டுகளாகப் பொறுப்பைத் தட்டிக் கழித்துவந்தனர். இரண்டாவது கூறு இன்னும் முக்கியமானது. அனுப்பப்படும் ஒவ்வொரு புகாரும் தேதியுடன் அனைவரது பார்வைக்கும் வெளியிடப்படுகிறது. என் தெருவின் குழியைப் பற்றி இன்னொருவர் மூன்று மாதங்களுக்கு முன்பே முறையிட்டிருக்கிறார் என்பதை நான் அறிய முடிகிறது. தனித்தனியே மனு கொடுத்தவர்கள் ஒருவரையொருவர் கண்டுகொள்ளும் வாய்ப்பு அதில் இருக்கிறது.

கென்யாவில் 2007 டிசம்பர்த் தேர்தலைத் தொடர்ந்து வெடித்த வன்முறையை, குறுஞ்செய்தி வழியாகவும் இணையம் வழியாகவும் பொதுமக்கள் அனுப்பிய தகவல்களைக் கொண்டு வரைபடத்தில் பதிந்த 'உஷாஹிடி' 2008-இல் உருவானது. சுவாஹிலி மொழியில் அச்சொல்லுக்குச் 'சாட்சியம்' என்று பொருள். எவரும் பயன்படுத்தவும் திருத்தவும் கூடிய 'ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்' என்னும் பொது வரைபடம் 2004-இலேயே தொடங்கப்பட்டிருந்தது. இவை யாவும் இலாப நோக்கின்றி, கட்டற்ற மென்பொருள் மரபில் வளர்ந்தவை.

நமது நாட்டில் மும்பை மாநகராட்சி 2011-இல் சாலைக் குழிகளைப் பதிவு செய்யும் இணையதளத்தைத் தொடங்கியது. கிராமப்புறச் சாலைத் திட்டத்திற்காக 2015-இல் 'மேரி சடக்' செயலியும், நகரத் துப்புரவுக்காக 2016-இல் 'ஸ்வச்சதா' செயலியும் வந்தன. கேரளப் பொதுப்பணித்துறை 2021-இல் 'பிடபிள்யூடி ஃபோர் யூ' என்னும் செயலியை அறிமுகப்படுத்தியது. ஆனால் அரசு நிர்வாகங்கள் இக்கருவியைக் கையிலெடுத்தபோது, அதன் இரண்டாவது கூறான பொதுத்தன்மையைப் பெரும்பாலும் கழற்றி வைத்துவிட்டன. பல செயலிகளில் புகார் அளித்தவருக்கு ஓர் எண் கிடைக்கும். அவரது புகார் பக்கத்து வீட்டாருக்குக்கூடத் தெரியாது. சில நாட்களில் 'தீர்க்கப்பட்டது' என்று செய்தி வரும். குழி இருந்த இடத்திலேயே இருக்கும். தீர்ந்ததா இல்லையா என்று முடிவு செய்யும் அதிகாரம் புகாருக்கு ஆளானவரிடமே இருந்தால், வேறென்ன நடக்கும்?

வரைபடத்தில் இடம்பெறாதவை

புகார் வரைபடம் ஒன்றைத் திறந்துபார்த்தால், சில பகுதிகளில் புள்ளிகள் நெருங்கிக் கிடக்கும். சில பகுதிகள் வெறுமையாக இருக்கும். வெறுமையான இடத்தில் சாலைகள் நன்றாக இருக்கின்றன என்று பொருளா? புகார் செய்யும் வசதியும் நேரமும் நம்பிக்கையும் உள்ளவர்கள் எங்கே வாழ்கிறார்கள் என்பதையே அந்தப் புள்ளிகள் காட்டுகின்றன.

ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 2019-21 காலத்தில் தாமே பயன்படுத்தும் கைப்பேசி வைத்திருந்த பெண்கள் 54 விழுக்காட்டினர் மட்டுமே. இணையத்தை ஒருமுறையேனும் பயன்படுத்தியவர்கள் ஆண்களில் 57 விழுக்காடு, பெண்களில் 33 விழுக்காடு. தெருக்குழாயில் தண்ணீர் பிடிப்பவர் யார், குழந்தையைத் தூக்கிக்கொண்டு சாக்கடையைத் தாண்டுபவர் யார் என்று எண்ணிப்பாருங்கள். பழுதுகளை அதிகம் அறிந்தவர்களே பதிவுகளில் குறைவாக இருக்கிறார்கள்.

வளர்ந்த முதலாளித்துவ நாட்டிலும் இதே நிலைதான். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 2012-இல் ஒரு செயலி வெளியிடப்பட்டது. கார் குலுங்கும்போது கைப்பேசியின் உணர்கருவி அதை உணர்ந்து, குழி இருக்கும் இடத்தைத் தானாகவே தெரிவிக்கும். காரும் உயர்வகைக் கைப்பேசியும் உள்ளவர்களின் தெருக்களே இதனால் கணக்கில் வரும், ஏழைகளின் தெருக்கள் விடுபடும் என்ற விமர்சனம் அப்போதே எழுந்தது. தொழில்நுட்பம் புதியது, பார்வைக் கோளாறு பழையது. 1845-இல் வெளியான இங்கிலாந்துத் தொழிலாளி வர்க்கத்தின் நிலைமை பற்றிய நூலில், மான்செஸ்டர் நகரின் அமைப்பை எங்கெல்ஸ் விவரிக்கிறார். செல்வர்கள் தம் இல்லங்களிலிருந்து வணிக மையத்துக்குச் செல்லும் பெருஞ்சாலைகளின் இருமருங்கிலும் கடைகள் வரிசையாக நின்று, அவற்றின் பின்னாலிருந்த தொழிலாளர் குடியிருப்புகளின் அவலத்தை அவர்களின் கண்ணிலிருந்து மறைத்தன என்று அவர் காட்டுகிறார். இன்றைய புகார் வரைபடம் சரியாகக் கையாளப்படாவிட்டால் அந்தக் கடை வரிசையின் வேலையையே செய்யும்.

இதைவிட ஆழமான குறை ஒன்று உண்டு. செயலியில் தேர்வு செய்யத் தரப்படும் பட்டியலைப் பாருங்கள்: குழாய் உடைப்பு, விளக்கு எரியவில்லை, சாலையில் குழி. உடைந்ததைப் பதியலாம். ஒருபோதும் போடப்படாத குழாயை எந்தத் தலைப்பில் பதிவது? மும்பையில் 2000-ஆம் ஆண்டுக்குப் பின் உருவான குடிசைப் பகுதிகளுக்குக் குடிநீர் இணைப்புத் தர மாநகராட்சி மறுத்துவந்தது. 'பானி ஹக் சமிதி' என்னும் அமைப்பு நீதிமன்றம் சென்றது. குடியிருப்பு சட்டவிரோதமானது என்பதைக் காரணம் காட்டித் தண்ணீரை மறுக்கக் கூடாது என்று மும்பை உயர்நீதிமன்றம் 2014 டிசம்பரில் கூறியது. அம்மக்களுக்கு அதுவரை எந்தப் புகார் ஏடும் உதவியிருக்க இயலாது. ஏட்டின் பார்வையில் அவர்கள் வாடிக்கையாளர்களே இல்லை.

நைரோபி நகரின் மிகப்பெரிய குடிசைப் பகுதியான கிபேராவில் இலட்சக்கணக்கானோர் வாழ்ந்தபோதும் வரைபடங்களில் அது வெற்றிடமாகவே இருந்தது. 2009-இல் அங்கிருந்த இளைஞர்கள் கையடக்க இடங்காட்டிக் கருவிகளுடன் தெருத்தெருவாக நடந்து தண்ணீர்க் குழாய்களையும் கழிப்பிடங்களையும் மருத்துவமனைகளையும் பள்ளிகளையும் பொது வரைபடத்தில் ஏற்றினர். தாம் இருக்கிறோம் என்பதை நிறுவுவதே அவர்களின் முதற் கோரிக்கையாக இருந்தது. நமது நகரங்களின் புறம்போக்குக் குடியிருப்புகளுக்கும் இது பொருந்தும்.

தகவல் இல்லாததா குறை?

தகவல் கிடைத்தால் அரசு செயல்படும் என்ற நம்பிக்கையின் மீதே இச்செயலிகளின் விளம்பரம் நிற்கிறது. உண்மை நிகழ்வுகள் இதை உறுதிப்படுத்துகின்றனவா?

2025 ஜூலை 9 அன்று குஜராத்தின் வடோதரா மாவட்டத்தில் மஹிசாகர் ஆற்றின் மீதிருந்த கம்பீரா பாலம் இடிந்தது. வாகனங்கள் ஆற்றில் விழுந்தன. இருபது பேருக்குக் குறையாமல் உயிரிழந்தனர். அந்தப் பாலத்தின் நிலை பற்றி மாவட்டப் பஞ்சாயத்து உறுப்பினர் ஒருவர் 2022-இலேயே எழுத்துமூலம் எச்சரித்திருந்தார். அதே குஜராத்தின் மோர்பியில் 2022 அக்டோபர் 30 அன்று தொங்குபாலம் அறுந்து 135 பேர் மாண்டனர். அப்பாலத்தின் பராமரிப்பு கடிகாரம் தயாரிக்கும் தனியார் குழுமம் ஒன்றிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. பீகாரில் 2024 ஜூன், ஜூலை மாதங்களில் சில வார இடைவெளியில் பத்துக்கும் மேற்பட்ட பாலங்கள் விழுந்தன. இவற்றில் எதுவும் வரைபடத்தில் ஒரு புள்ளி குறைந்ததால் நேர்ந்த விபத்தன்று. கம்பீராவில் தகவல் மூன்றாண்டுகள் கோப்பில் கிடந்தது. கோப்பை அசைக்கும் வலிமை மக்களிடம் இல்லை.

அந்த வலிமை எங்கிருந்து வர வேண்டும்? 1993-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், நகர உள்ளாட்சி மன்றங்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் நடத்துவதையும், மூன்று இலட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகரங்களில் வட்டக் குழுக்கள் அமைப்பதையும் கட்டாயமாக்கியது. நடைமுறை என்ன? பெங்களூரு மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. ஐந்தாண்டுகள் தேர்தல் நடத்தப்படாமல், 2025 செப்டம்பரில் மாநகராட்சியே ஐந்தாகப் பிரிக்கப்பட்டது. மும்பையில் 2022 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்தபின் மூன்றரை ஆண்டுகளுக்கும் மேலாக நிர்வாகி ஆட்சி நடந்தது. 74,427 கோடி ரூபாய் மதிப்பிலான 2025-26 வரவு-செலவுத் திட்டம், மக்கள் தேர்ந்தெடுத்த ஒருவரும் விவாதிக்காமலேயே நிறைவேறியது. 2015-இல் தொடங்கிய பொலிவுறு நகரத் திட்டத்தில், 100 நகரங்களிலும் நிறுவனச் சட்டத்தின் கீழ் தனி நிறுவனங்கள் அமைக்கப்பட்டு, மாநகர மன்றத்தின் அதிகாரம் அவற்றுக்கு மாற்றப்பட்டது.

இரு பெருநகரங்களில் மாமன்ற உறுப்பினர் இல்லாத ஆண்டுகளில் செயலி மட்டும் இருந்தது. இதைத் தற்செயல் என்று கருத முடியாது. மாமன்ற உறுப்பினரைக் கேள்வி கேட்கலாம், முற்றுகையிடலாம், தேர்தலில் தோற்கடிக்கலாம். செயலியை என்ன செய்வது? நவீன தாராளமயம் குடிமகனை வாடிக்கையாளராகவும், உரிமையைச் சேவையாகவும், அரசியல் கோரிக்கையைப் புகார் எண்ணாகவும் மாற்ற விரும்புகிறது. குழியைப் பற்றிக் கேட்கலாம். ஒப்பந்தத்தைப் பற்றிக் கேட்கக் கூடாது என்பதே அதன் எல்லை.

புகார் யார் தலையில் விழுகிறது?

தொழிற்சங்கத் தோழர்கள் இவ்விடத்தில் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும். ஒரு தெருவில் குப்பை அள்ளப்படவில்லை என்று புள்ளி விழுகிறது. அந்தப் புகார் ஆணையர், பொறியாளர், ஒப்பந்ததாரர் என்று படிப்படியாக இறங்கி, கடைசியில் ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளியின் தலையில் வந்து விழுகிறது. அந்தத் தெருவுக்கு நான்கு பேர் வேண்டிய இடத்தில் இருவரே உள்ளனர் என்பதையோ, தள்ளுவண்டி உடைந்து கிடக்கிறது என்பதையோ, ஊதியம் பாக்கியிருக்கிறது என்பதையோ வரைபடம் காட்டுவதில்லை. செயலிப் பயன்பாட்டுக்கு மதிப்பெண் தரும் தூய்மை நகரத் தரவரிசைப் போட்டியால், புகார்களை விரைவாக முடித்துக் காட்ட வேண்டிய நெருக்கடியும் இத்தொழிலாளர் மீதே ஏற்றப்படுகிறது.

நாக்பூர், சண்டிகர் முதலிய நகரங்களில் துப்புரவுத் தொழிலாளர்களின் கையில் இடங்காட்டிக் கடிகாரங்கள் கட்டப்பட்டன. நாளெல்லாம் அவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்பது அலுவலகத் திரையில் தெரியும். சண்டிகரில் தொழிலாளர்கள் இதை எதிர்த்துப் போராடினர். நூறு நாள் வேலைத்திட்டத்தில் 2021-இல் கொண்டுவரப்பட்டு, 2023 ஜனவரி முதல் கட்டாயமாக்கப்பட்ட வருகைப்பதிவுச் செயலியை நினைவுகூருங்கள். நாளுக்கு இருமுறை இடக்குறிப்புடன் படம் ஏற வேண்டியிருந்தது. கிராமத்தில் இணையத் தொடர்பு கிடைக்காவிட்டால் உழைத்தவருக்குக் கூலி கிடைக்காமல் போனது. ஊழலைத் தடுக்கவே இச்செயலி என்றார்கள். படத்தையே படமெடுத்து ஏற்றும் மோசடிகள் நடப்பதாக 2025 ஜூலையில் ஒன்றிய அமைச்சகமே சுற்றறிக்கை விட வேண்டியதாயிற்று.

தொழிலாளியின் ஒவ்வொரு அடியையும் வரைபடத்தில் ஏற்ற முடிகிறது. அதே சாலையைப் போட்ட ஒப்பந்ததாரரின் பெயர், மதிப்பீட்டுத் தொகை, பழுது நேர்ந்தால் அவரே சொந்தச் செலவில் சரிசெய்ய வேண்டிய உத்தரவாதக் காலம் ஆகியவற்றை அதே வரைபடத்தில் ஏற்ற மட்டும் முடியவில்லை. முடியாமையின் காரணம் தொழில்நுட்பத்தில் இல்லை. யாரைக் கண்காணிப்பது என்று முடிவெடுக்கும் இடத்தில் இருக்கிறது.

நமக்கு ஒரு மரபு உண்டு

மக்கள் தம் ஊரைத் தாமே வரைபடமாக்கும் முறை இடதுசாரி இயக்கத்துக்குப் புதிதன்று. கைப்பேசிகள் வருவதற்கு முன்பே, 1990-களின் தொடக்கத்தில் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தும் திருவனந்தபுரத்திலிருந்த புவி அறிவியல் ஆய்வு மையமும் இணைந்து பஞ்சாயத்து வள வரைபடத் திட்டத்தை நடத்தின. உள்ளூர்த் தன்னார்வலர்கள் நிலம் நிலமாக நடந்து நிலத்தின் பயன்பாட்டையும் நீர்நிலைகளையும் பிற வளங்களையும் பதிவு செய்தனர். கண்ணூர் மாவட்டத்தின் கல்யாசேரி பஞ்சாயத்து இதில் பெயர்பெற்றது. அவர்கள் பழுதை மட்டும் பதியவில்லை. இருப்பதையும் இல்லாததையும் சேர்த்துப் பதிந்து, ஊரின் வளர்ச்சித் திட்டத்தை அதிலிருந்து வகுத்தனர். 1996-இல் தொடங்கிய மக்கள் திட்டமிடல் இயக்கத்துக்கு இவ்வனுபவம் உரமாயிற்று. மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு உள்ளாட்சிகளின் கைக்குச் சென்றதால்தான் அந்த வரைபடங்களுக்கு உயிர் வந்தது. அதிகாரமும் நிதியும் இல்லாத வரைபடம் சுவரில் தொங்கும் காகிதம்.

அதே கேரளத்தில் 2021 டிசம்பரில் பொதுப்பணித்துறை ஒரு நடைமுறையைக் கொண்டுவந்தது. உத்தரவாதக் காலம் முடியாத சாலைகளின் ஓரத்தில், ஒப்பந்ததாரரின் பெயரையும் பொறுப்பான பொறியாளரின் தொலைபேசி எண்ணையும் எழுதிய பலகைகள் நடப்பட்டன. செயலி இல்லாதவரும் படிக்கக்கூடிய பலகை அது.

இராஜஸ்தானில் மஜ்தூர் கிசான் சக்தி சங்கடன் 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் மக்கள் விசாரணை ஒன்றை நடத்தியது. பொதுப்பணிகளின் பற்றுச்சீட்டுகளும் வருகைப்பதிவேடுகளும் ஊரார் முன்னிலையில் உரக்கப் படிக்கப்பட்டன. அதையடுத்து நடந்த விசாரணைகளிலும் வேலைக்கு வராதவரின் பெயரில் கூலி, முடியாத பணிக்கு முழுத்தொகை என்று ஒவ்வொன்றாக அம்பலமாயின. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு இத்தகைய போராட்டங்களே வித்திட்டன. அங்கே தகவல் கைப்பேசித் திரையில் அடங்கிக் கிடக்கவில்லை. கூடியிருந்த மக்களின் முன் வைக்கப்பட்டதால் வலிமை பெற்றது.

நமது கிளைகள் செய்ய வேண்டியவை

இக்கருவியை நாம் எவ்வாறு கையாளலாம் என்பதற்குச் சில ஆலோசனைகளை முன்வைக்கிறேன்.

முதலாவதாக, நடையிலிருந்து தொடங்குவோம். செயலியைத் திறப்பதற்கு முன், பெண்களும் முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் அடங்கிய குழுவாக நமது பகுதியின் ஒவ்வொரு சந்திலும் நடக்க வேண்டும். காகித வரைபடமே போதும். உடைந்தவற்றுக்கு ஒரு குறி. வந்தே சேராதவற்றுக்கு வேறொரு குறி. இரண்டாவது பட்டியலே நமது தனித்த பங்களிப்பாக இருக்கும்.

இரண்டாவதாக, ஒவ்வொரு புள்ளிக்கும் படம், தேதி, அருகிலுள்ள அடையாளம், சாலை எந்தத் துறையுடையது என்ற விவரம் சேர்க்கப்பட வேண்டும். நிர்வாகத்தின் செயலியில் பதிவதோடு, அனைவரும் பார்க்கக்கூடிய பொது வரைபடத்திலும் ஏற்ற வேண்டும். தேதியிட்ட பொதுப் பதிவுக்கு இன்று சட்ட மதிப்பும் கூடியிருக்கிறது. சாலைக் குழிகளாலும் திறந்த சாக்கடைகளாலும் இறப்போரின் குடும்பத்துக்கு 6 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க வேண்டும் என்றும், அதைப் பொறுப்பான அதிகாரிகளிடமும் ஒப்பந்ததாரர்களிடமும் வசூலிக்க வேண்டும் என்றும் மும்பை உயர்நீதிமன்றம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. குழி இருப்பது நிர்வாகத்துக்கு முன்பே தெரியும் என்பதை நிறுவ, நமது பதிவு சான்றாகும்.

மூன்றாவதாக, குழியிலிருந்து கோப்புக்குச் செல்ல வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பணி ஆணை, மதிப்பீடு, அளவுப் புத்தகம், பணி நிறைவுச் சான்று, உத்தரவாதக் காலம் ஆகியவற்றைக் கேட்டுப் பெறலாம். அச்சட்டத்தின் 2(ஜே) பிரிவு பணிகளை நேரில் ஆய்வு செய்யவும், பயன்படுத்தப்பட்ட பொருளின் சான்றிட்ட மாதிரியைப் பெறவும் உரிமை தருகிறது. நமது தோழர்களில் பலர் இப்பிரிவைப் பயன்படுத்தியதே இல்லை. பெற்ற விவரங்களை வரைபடத்தில் அந்தந்தச் சாலையின் மேல் எழுதுவோம். தெருமுனைச் சுவரிலும் எழுதுவோம்.

நான்காவதாக, புகாரைத் தனிநபர் பெயரில் விடக் கூடாது. பொறியாளர் சத்தியேந்திர துபேயை நாம் மறக்கலாகாது. தங்க நாற்கரச் சாலைத் திட்டத்தின் முறைகேடுகளைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதிய அவர், தம் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருந்தார். கடிதம் பெயருடன் அலுவலகம் அலுவலகமாகச் சென்றது. 2003 நவம்பர் 27 அன்று கயாவில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். குழியைப் பதிவு செய்யும் இளைஞரின் கைப்பேசி எண் ஒப்பந்ததாரருக்குக் கிடைப்பது சிறு விஷயமன்று. கிளையின் பெயரிலும், குடியிருப்போர் சங்கத்தின் பெயரிலும், கூட்டுக் கையொப்பத்துடனும் அனுப்புவதே பாதுகாப்பு, அதுவே வலிமையும்கூட.

ஐந்தாவதாக, 'தீர்க்கப்பட்டது' என்ற முத்திரையை நாமே சரிபார்க்க வேண்டும். மாதம் ஒருமுறை அதே பாதையில் நடந்து, உண்மையில் தீர்ந்தவை எவை, ஏட்டில் மட்டும் தீர்ந்தவை எவை என்று இரு நிறங்களில் குறிப்போம். அந்த வரைபடத்தைப் பகுதி மக்கள் கூட்டத்தில் விரித்து வைத்துப் பொறியாளரைப் பதில் சொல்ல அழைப்போம். பழுதுகளில் எதை முதலில் நீக்குவது என்பதைப் பெரும்பான்மையான மக்கள் அங்கேயே முடிவு செய்யட்டும்.

ஆறாவதாக, துப்புரவு, குடிநீர், மின்சாரத் தொழிலாளர்களின் சங்கங்கள் தொடக்கத்திலிருந்தே இப்பணியில் இணைய வேண்டும். எந்தக் குழாய் எத்தனை முறை ஒட்டுப்போடப்பட்டது, எந்த மூடி ஏன் மாற்றப்படவில்லை என்பதை அவர்களைவிட அறிந்தவர் எவருமில்லை. நமது பதிவில் எந்தத் தொழிலாளியின் முகமும் பெயரும் இடம்பெறக் கூடாது. ஆள் பற்றாக்குறை, கருவிப் பற்றாக்குறை ஆகியவற்றைப் பழுதுகளோடு சேர்த்துப் பதிய வேண்டும். காலிப் பணியிடமும் பொதுக் கட்டமைப்பில் விழுந்த குழியே.

தோழர்களே, தொடக்கத்தில் குறிப்பிட்ட இரு கருத்துகளுக்கும் இப்போது விடை கூறலாம். செயலி இருப்பதால் போராட்டம் தேவையில்லை என்பது, கம்பீராவில் கோப்பில் கிடந்த எச்சரிக்கைக் கடிதத்தை மறப்பதாகும். இது நடுத்தர வர்க்கத்தின் வேலை என்று ஒதுங்கினால், எந்தத் தெரு முதலில் சீராக வேண்டும் என்று முடிவெடுக்கும் வரைபடத்தில் உழைக்கும் மக்களின் குடியிருப்புகள் தொடர்ந்து வெற்றிடமாகவே இருக்கும். புள்ளியைப் பதிவோம், புள்ளிகளை இணைப்போம், இணைந்த புள்ளிகளைக் கோரிக்கையாக்கி, தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களிலும் தெருவிலும் முன்வைப்போம். உரிய காலத்தில் உள்ளாட்சித் தேர்தல், நிதியும் அதிகாரமும் உள்ள வட்டக் குழுக்கள், ஒப்பந்த விவரங்களின் முழு வெளிப்பாடு, நிரந்தரப் பணியாளர் நியமனம் ஆகியவை அக்கோரிக்கையில் இடம்பெற வேண்டும். அடுத்த மழைக்காலத்துக்கு முன் ஒவ்வொரு கிளையும் தன் பகுதியின் முதல் வரைபடத்தை முடித்து மக்கள் முன் வைக்கட்டும்.